சீட்டு கிடைக்காத பள்ளிக்கூடம்

தங்கைக்கு நல்லது செய்கிறோம் என்று வாயால் சொல்லிக்கொண்டேதான் வெண்மதி அந்தப் பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுத்தாள். வயிற்றுக்குள் இருந்த சங்கதி வேறு.

தங்கை இசைப்பிரியா தோஹாவில் நர்ஸ். அவள் புருஷன் இளம்பரிதிக்கு அங்கேயே ஒரு எரிவாயுக் கம்பெனியில் வேலை. அவர்கள் பெற்ற பூங்குழலி மட்டும் நெய்வேலியில், பெரியம்மா வெண்மதியின் குவார்ட்டர்ஸில். எட்டு மாதக் குழந்தையாகக் கொண்டுவந்து விட்டார்கள். "ஒரே வருசம்தாங்க்கா, எல்லாம் செட் ஆனதும் கூட்டிக்கினு போயிடுறோம்" என்றாள் இசைப்பிரியா. அந்த ஒரு வருசம் ஐந்து வருசமாக நீண்டது. குழலி யூ.கே.ஜி. முடிக்கப்போகிறாள்.

வெண்மதிக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருசம். பிள்ளை இல்லை. இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்க்கும் செங்குட்டுவன் நல்ல மனுஷன், அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் டவுன்ஷிப்பில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். ஐம்பத்து நாலு பிள்ளைகள், இரண்டு ஃபேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஒரே ஒரு பிள்ளை. அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

2016 பொங்கல் முடிந்த வாரம் இசைப்பிரியா போனில் வந்தாள். குரலில் சந்தோஷம் வழிந்தது.

"க்கா, ஃபேமிலி வூடு குடுத்துட்டாங்கக்கா! பாப்பாவக் கூட்டியாந்துடலாம். ஸ்கூலு ஒன்னுதான் பாக்கி. ரெண்டு பேரும் டூட்டிக்குப் போயிட்டா வூட்ல யாரு பாத்துக்கறது? அதனால சீட்டு கெடைச்சாத்தான் கூட்டியார முடியும். இல்லன்னா அடுத்த வருசம்தான்."

அடுத்த வருசம்தான் என்ற சொல் வெண்மதியின் காதில் தேனாக விழுந்தது.

"மூனு ஸ்கூல் பாத்து வச்சிருக்கோம். எங்களுக்கு ஒன்னும் புரியல. நீ டீச்சரு, நீ எத சொல்றியோ அதான். கம்பெனி ஒரு ஸ்கூலுக்குத்தான் ஃபீஸ் லெட்டர் குடுக்கும். அதனால நல்லா யோசிச்சு சொல்லுக்கா."

மூன்று பள்ளிகளின் படங்களும் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தன. முதலாவது, நம் நாட்டுப் பாடத்திட்டம். அப்ளிகேஷன் போட்டால் சீட்டு, அவ்வளவுதான். இரண்டாவது இங்கிலாந்துக்காரர்களுடையது, சின்னதாக ஒரு டெஸ்ட் உண்டு. மூன்றாவதை வெண்மதி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நாற்பது நாட்டுப் பிள்ளைகள். ஒரு வகுப்புக்குப் பதினெட்டுப் பேர், இரண்டு டீச்சர். நீச்சல் குளம். பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு படிக்கிறார்கள், யாரும் அதட்டவில்லை. ஐந்து இடத்துக்கு எண்பது பேர் வரிசையில் நிற்பதாக இளம்பரிதி ஒரு குறிப்பும் போட்டிருந்தான்.

தான் படித்துக் கிழித்ததற்கு இப்படி ஒரு வகுப்பறையில் ஒரு நாளாவது நின்றிருக்கலாம் என்று முதலில் பொறாமை வந்தது. பள்ளியில் எல்லா வருசமும் முதல் ரேங்க் வாங்கியது வெண்மதி. பத்தாவது கணக்கில் முட்டிமோதிப் பாஸானவள் இசைப்பிரியா. வெளிநாடு போனதும் அவள், பிள்ளை பெற்றதும் அவள், இப்போது வளர்த்துவைத்த பிள்ளையை வந்து அள்ளிக்கொண்டு போகப்போவதும் அவள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கே எல்லாம் கிடைக்க வேண்டுமா? வெண்மதி ஒரு நாள் முழுக்க யோசிப்பது போலப் பாவனை செய்துவிட்டு மறுநாள் போன் போட்டாள்.

"மூனாவதுதான் ப்ரியா. போட்டா அதுல போடு, இல்லன்னா போடாத. மத்த ரெண்டும் வேஸ்ட்டு."

ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த செங்குட்டுவன் ஷூ லேஸைக் கட்டியபடி நிமிர்ந்தான். "மொத ஸ்கூல்ல போட்டா ஒக்காந்த எடத்துல சீட்டு கெடைக்குமே மதி. எதுக்கு அந்தக் கஷ்டமானது?"

"புள்ள நல்ல ஸ்கூல்ல படிக்க வேணாமா?"

"வேணும்தான்" என்றான். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனான். அவன் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவளுக்குச் சண்டை போடவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்து இசைப்பிரியா மறுபடி வந்தாள். இந்த முறை குரல் இறங்கியிருந்தது.

"ஃபாரத்துல ஒரு பக்கம் விட்டிருக்காங்கக்கா. உங்க குழந்தையப் பத்தி எழுதுங்கன்னு. அப்பா அம்மா எழுதணுமாம். நீ எழுதிக் குடுக்கா."

"ஏன், ஒனக்கு இங்கிலீஷ் வராதா? ஆஸ்பத்திரியில அதத்தான பேசற?"

"இங்கிலீஷ் வரும்க்கா. என்னா எழுதறதுன்னுதான் வரல."

வெண்மதி சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழலியைத் தூங்கவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தாள். தூங்கவைப்பது என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. வெண்மதி இடது காதுத் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் படுக்க வேண்டும். குழலி அந்தக் காது மடலை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வாள். பிடித்தபடியே கண் சொருகிவிடும். எழுந்த பிறகு தோட்டைப் போட மறந்து அப்படியே பள்ளிக்குப் போயிருக்கிறாள்; "என்னா டீச்சர், ஒரு காது மொட்டையா இருக்கு?" என்று கேட்டவர்கள் ஏராளம்.

எந்தப் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லும் என்பது பத்து வருசமாக அட்மிஷன் மேஜையில் உட்கார்ந்தவளுக்குத் தெரியாதா? கையைக் கட்டிக்கொண்டு குட்மார்னிங் சொல்லும் பிள்ளைக்குச் சீட்டு. அழுகிற பிள்ளைக்கும், எதிர்க்கேள்வி கேட்கிற பிள்ளைக்கும், "அடுத்த வருஷம் பார்க்கலாம்." ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் மாறுமா என்ன? பொய் எழுத வெண்மதிக்குக் கை வரவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. குறைகளை மட்டும் வரிசையாக எழுதினாள்.

இடது கையால்தான் எழுதுகிறாள், எவ்வளவு சொல்லியும் மாற்றவில்லை. ஓரிடத்தில் உட்கார மாட்டாள். படத்தில் கோட்டுக்குள் வண்ணம் அடிக்க மாட்டாள். வானத்துக்குப் பழுப்பு அடித்து டீச்சரிடம் தப்புக்குறி வாங்கினாள். ஏன் என்று கேட்டதற்கு, மைன்ஸ் பக்கம் வானம் அப்படித்தான் இருக்கிறது, நீங்கள் வந்து பாருங்கள் என்று டீச்சரையே கூப்பிட்டாள். சுரங்கத்துக்காக நிலம் எடுத்தார்கள் என்று வகுப்பில் சொன்னபோது, அங்கே இருந்த வீடுகளை எங்கே எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு மூன்று நாள் விடவில்லை. மதியம் சுரங்கத்தில் வெடி வைத்து ஜன்னல் அதிர்ந்தால், பூமிக்கு வலிக்கிறது என்று சாப்பாட்டுத் தட்டை மூடிவைத்துவிடுவாள். டப்பாவில் கொடுத்த முட்டையைத் தான் தின்னாமல் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, தின்றேன் என்று பொய் சொல்வாள்.

கடைசி வரிக்கு வந்தபோது கை கொஞ்சம் தயங்கியது. தயங்கிவிட்டு எழுதியது. "உன் அம்மா எங்கே என்று கேட்டால், போனில் இருக்கிறார் என்று சொல்கிறாள்."

காது மடல் விஷயத்தை எழுதவில்லை. அது குறையில்லையே.

கடைசித் தேதி அன்றைக்குத்தான். இசைப்பிரியா டூட்டியில் இருந்ததால் இளம்பரிதி அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே ஏற்றிவிட்டான்.

மார்ச்சில் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் நேரில் போக வேண்டும், பிள்ளையை ஸ்கைப்பில் பார்ப்பார்களாம். வெண்மதி குழலிக்குத் தலை வாரிவிட்டாளே தவிர ஒரு குட்மார்னிங்கூடச் சொல்லித்தரவில்லை. தான் படத்தில் விழாதபடி மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். திரையில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பழுப்பு வானத்தைக் காட்டுகிறாயா? குழலி ஓடிப்போய் எடுத்துவந்து காட்டினாள். காட்டிவிட்டுச் சும்மா இருந்தாளா? "ஒங்க ஊர்ல வானம் என்னா கலரு?" என்று தமிழிலேயே கேட்டாள். அந்தப் பக்கம் இளம்பரிதி மொழிபெயர்த்துச் சொன்னான். அந்த அம்மாள் எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து, தூசி நிறம் என்றார்.

இதோடு சீட்டு போச்சு என்று நினைத்தாள் வெண்மதி. அந்தச் சந்தோஷத்தில் குழலிக்கு இரண்டு பூரி அதிகமாகப் போட்டாள்.

மறுநாள் மதியம், பள்ளியில் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது.

"சீட்டு கெடைச்சிடுச்சிக்கா."

வெண்மதி மரத்தடியில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். நல்லவேளை, பெஞ்சு இருந்தது.

"நீ எழுதின அந்தப் பக்கம்தாங்க்கா காரணம். எல்லாரும் எங்க புள்ள கெட்டிக்காரி, அமைதியானவன்னு எழுதிக் குடுக்கறாங்களாம். புள்ளய இவ்ளோ கூர்ந்து பாத்து எழுதின ஒரு அம்மாவ இப்பதான் பாக்கறேன்னு அந்த மேடம் என் கையப் புடிச்சிக்கினாங்க."

எழுதியது இவள், கையைப் பிடித்துப் பாராட்டியது அவளை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையைக் கேட்டிருக்கிறோம். இவள் குரங்கைப் பிடிக்கப்போய்ப் பிள்ளையாராய் முடிந்துவிட்டது. வெண்மதியின் வயிறு அப்படியே பற்றி எரிந்தது. "சந்தோஷம் ப்ரியா" என்றாள்.

"அவங்க படிச்சுக் காட்டினப்பதான் நானே கேட்டேன். கடைசி வரி வரைக்கும்."

வெண்மதி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எதுக்கு அப்டி எழுதினேன்னு நான் கேக்க மாட்டேங்க்கா. ஒரு வார்த்த கூட பொய்யில்ல. ஆனா அங்க ஒக்காந்துக்கினு இருந்தப்ப, எனக்கு ஒம்மேல அப்டி ஒரு வயித்தெரிச்சல். நான் பெத்த புள்ள எந்தக் கையால எழுதுதுன்னுகூட எனக்குத் தெரியல. ஒனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

தன் வயிறு மட்டும்தான் எரிகிறது என்று இத்தனை வருசம் நினைத்திருந்தாள் வெண்மதி.

"நீ எழுதினது அதோட குறைங்க மட்டுந்தான். மிச்சமும் இருக்கும் இல்ல? எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைக்கா. ஆகஸ்ட்டுக்குள்ள நான் படிச்சிடணும். அது வந்து என்னை யாருன்னு பாக்கறப்ப, எனக்காவது அத யாருன்னு தெரிஞ்சிருக்கணும்."

அன்று சாயங்காலமே வெண்மதி ஒரு நோட்டு வாங்கினாள். ஜூலை வரைக்கும் எழுதினாள். சோற்றில் நெய் விட்டால் சாப்பிட மாட்டாள், தயிர் விட்டால் சாப்பிடுவாள். பலாச்சுளையைக் கொட்டையோடு கொடுக்க வேண்டும், கொட்டையை எடுத்துவிட்டால் அழுவாள். காய்ச்சல் வந்தால் முதலில் உள்ளங்கால்தான் சுடும். இடிக்குப் பயமில்லை, பல்லிக்குப் பயம். கோபம் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், கூப்பிடக் கூடாது, தானாக வருவாள். தங்கைக்குத் துரோகம் நினைத்த கைதான், ஆனாலும் ஒன்றையும் குறைக்காமல் எழுதியது. படித்துப் பார்த்த செங்குட்டுவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ பெரிய மனுஷி மதி" என்றான்.

கடைசிப் பக்கத்தில், எப்படித் தூங்கவைப்பது என்று தலைப்புப் போட்டாள். விளக்கை அணைக்க வேண்டும், ஃபேனை மூன்றில் வைக்க வேண்டும், நீலப் போர்வைதான் வேண்டும் என்று எழுதினாள். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தாள்.

உள்ளே இருந்து குழலி கூப்பிட்டாள். "பெரிம்மா, தூக்கம் வருது. வா."

வெண்மதி நோட்டை மூடினாள். இடது காதுத் தோட்டைக் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதை மட்டும் அவள் யாருக்கும் எழுதித் தருவதாக இல்லை.