வேதியியலில் தொண்ணூற்றொன்று

நேர்முகத் தேர்வுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மருந்துத் தொழிற்சாலையின் வரவேற்பறையில் சும்மா உட்கார முடியாமல் என் ரெஸ்யூமை எடுத்துப் புரட்டினேன். இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் கண் குத்தி நின்றது. ‘பள்ளி இறுதித் தேர்வு, வேதியியல்: 91/100.’

அந்த வரியை நான் எழுதவில்லை. அந்த மார்க்கை நான் வாங்கவும் இல்லை. நான் வாங்கியது நாற்பத்தொன்று. எங்கள் போர்டில் நாற்பது எடுத்தால் பாஸ். ஒரே ஒரு மார்க்கில் தப்பிக் கரையேறியவள் நான். ஒரு டிப்ளமோவில் இடம் கிடைத்தது. மிச்ச வேதியியலை வேலையில்தான் கற்றுக்கொண்டேன்.

தொண்ணூற்றொன்று என்பது என் மகளிடம் நான் அவிழ்த்துவிட்ட பொய். அவள் ஏழாவது படிக்கும்போது ஒரு நாள் அறிவியலில் சறுக்கினாள். ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “நான் கெமிஸ்ட்ரில தொண்ணூத்தி ஒண்ணு, தெரியுமா?” அன்றோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஒவ்வொரு பரீட்சைக்கும் அதைத் தூசி தட்டி எடுத்தேன். போன மாதம் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் தேர்வொன்றில் அறுபத்தெட்டு வாங்கி வந்தாள். தேர்வுத்தாளில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கையெழுத்தோடு, ‘வெட்கமாக இல்லையா?’ என்றும் எழுதிக் கொடுத்த மகராசி நான்தான். கண் வீங்கும்வரை அழுதாள். அப்போதும் மனம் இளகவில்லை.

இப்போது இந்த வேலை எனக்கு வேண்டும். பதினெட்டு வருடமாகக் குடிநீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் இருக்கிறேன். மாதக் கடைசியில் அதை இழுத்து மூடுகிறார்கள். முதுகு அறுவைக்குப் பிறகு கணவர் வண்டி ஓட்டுவதில்லை. வீட்டிலிருந்து வேலைக்குப் போவது நான் ஒருத்திதான்.

ரெஸ்யூமை மகள்தான் கணினியில் அடித்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே பஞ்சாயத்து.

“ஸ்கூல் மார்க் போடணும்மா. அதுதான் உன்னோட பெரிய பிளஸ்.”

“வேண்டாம்டி. நாப்பத்தி மூணு வயசுல ஸ்கூல் மார்க்கைப் போட்டா சிரிப்பாங்க.”

“பெருமையைச் சொல்றதுக்கு வயசு என்ன?”

“இடம் பத்தாது. விடு.”

கட்டிலில் படுத்திருந்த கணவர் தலையை மட்டும் திருப்பினார். “என்னைக் கேட்டா, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதையும் அனுபவத்துல சேர்க்கலாம்” என்றார். எல்லோரும் சிரித்தோம். பேச்சு அதோடு அடங்கிவிட்டது என்று நம்பினேன். என் மகள் எழுத்தின் அளவைக் குறைத்து இடம் உண்டாக்கியிருக்கிறாள். அப்படியே மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டாள். நான் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டியிருந்தேன். தண்ணீர் மாதிரிகளை மூன்று தடவை சரிபார்க்கிற எனக்கு என் தாளைப் புரட்டத் தெரியவில்லை.

“மேடம், ரெஸ்யூம் மூணு காப்பி, ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் குடுங்க.” வரவேற்பறைக்கு வந்த அலுவலக உதவியாளர் கையை நீட்டியபடி நின்றார்.

“ஸ்கூல் மார்க் ஷீட்டும் வேணுமா?”

“இருக்கற எல்லாமே. ரெஸ்யூம்ல உள்ளதை ஒண்ணு விடாம டிக் பண்ணுவாங்க.”

மார்க் ஷீட் என் பையில்தான் இருந்தது. வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்லலாம். தொலைந்துவிட்டது என்றும் சொல்லலாம். இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன. “ஒரு நிமிஷம் குடுங்க” என்று கேட்டுப் பேனாவை எடுத்தேன்.

எங்கள் ஆய்வகத்தில் ரப்பருக்கும் வெள்ளை மைக்கும் இடமில்லை. தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு. பழைய எண் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியான எண், சுருக்கக் கையெழுத்து, தேதி. பதினெட்டு வருடப் பழக்கம். யோசிப்பதற்கு முன்பே கை செய்துவிடும். மூன்று காப்பியிலும் தொண்ணூற்றொன்றின் மேல் கோடு போட்டு, 41 என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன். கொடுத்த பிறகுதான் என் கூத்து எனக்கே உறைத்தது. கறுப்பாக அடித்திருந்தாலாவது உடனே கண்ணில் பட்டிருக்காது. வேலை கேட்டு வந்த இடத்தில், நான் சொன்ன பொய்யை எல்லோரும் படிக்கும்படி பத்திரமாக வைத்துக் கொடுத்துவிட்டேன்.

உள்ளே இரண்டு பேர். ஆய்வகத் தலைவி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியவர். பக்கத்தில் பணியாளர் பிரிவு அதிகாரி, என்னைவிட இளையவர். அரை மணி நேரம் தலைவி கருவிகளைப் பற்றிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மூச்சு சீராகிக்கொண்டிருந்தது.

அப்போது அதிகாரி இரண்டு தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்தார். “மெயில்ல தொண்ணூத்தி ஒண்ணு. இதுல நாப்பத்தி ஒண்ணு. மாத்தினது இன்னைக்கு. செக் பண்றாங்கன்னு தெரிஞ்சதும் மாத்திட்டீங்களா?”

“கேட்டதுக்கு அப்புறம்தான் மாத்தினேன் சார். ஆனா அதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன்.”

“பொய்யான தகவல் குடுத்தா விண்ணப்பம் தள்ளுபடி. இதுல பேச என்ன இருக்கு?” அவர் கோப்பை மூடினார்.

எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. தலைவி மட்டும் தாளில் நான் போட்ட கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோடு இருக்கு. கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு. காரணம் எங்கே?” என்று கேட்டார்.

முகம் சுட்டது. திருத்தினால் காரணம் எழுத வேண்டும், அதுவும் விதிதான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைச் சொல்லித் தருவதே நான்தான். அவர் ஒரு காப்பியையும் தன் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

மகள் தட்டச்சில் தப்பு செய்துவிட்டாள் என்று எழுதினால் விஷயம் முடிந்தது. அவர்கள் நம்புவார்கள். பேனா தாளைத் தொட்டபடி நின்றது. அவள் வீங்கிய கண் ஞாபகத்துக்கு வந்தது. பழியையும் அவள் தலையிலேயே கட்டுவதா? ‘இது நான் என் மகளிடம் சொன்ன பொய். அவள் நம்பிச் சேர்த்துவிட்டாள்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

தலைவி இரண்டு தடவை படித்தார். “விளம்பரத்துல ஸ்கூல் மார்க் நாங்க கேக்கவே இல்லை, தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

“சாயந்திரம் போன் பண்றோம்.” அந்தக் காப்பியை என்னிடமே நீட்டினார். “ரெண்டு போதும் எங்களுக்கு. இதை நீங்களே வச்சுக்கங்க.” நல்லதா கெட்டதா என்று அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. மாலையில் மகள் பள்ளிப் பையைக்கூட இறக்காமல் கேட்டாள். “தொண்ணூத்தி ஒண்ணைப் பார்த்து என்னம்மா சொன்னாங்க?”

வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. தாளை மேசையில் வைத்தேன். குனிந்து படித்தாள். கோட்டின் மேல் விரல் வைத்து, கீழே எழுதியிருந்ததை மறுபடி படித்தாள். கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“அப்போ அறுபத்தெட்டுக்கு என்னை ஏன் அழ வச்சே?”

என் செல்போன் அடித்தது. தொழிற்சாலை எண். நான் அசையவில்லை. நான்கு தடவை அடித்ததும் அவளே எடுத்து என் கையில் திணித்தாள். “பேசு.”

தலைவியின் குரல். ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார். “மூணு மாசம் பார்ப்போம். பக்கத்துல இருந்தாரே, அவருக்கு இன்னும் சம்மதமில்லை, நான்தான் பொறுப்பேத்துக்கிட்டேன்” என்றார். நன்றி சொன்னேனா என்பதே நினைவில்லை.

“கிடைச்சிருச்சு” என்றேன். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சந்தோஷம். நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லலை” என்றாள் மகள்.

உள்ளே போய் அந்தத் தேர்வுத்தாளைக் கொண்டுவந்தாள். அதை இத்தனை நாள் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறாள். ‘வெட்கமாக இல்லையா?’ என்று என் கையெழுத்து முழித்துப் பார்த்தது. பேனாவை அதன் மேல் வைத்தாள்.

“இதுலயும் கோடு போடு. காரணத்தோட.”

என் எழுத்தின் மேலேயே கோடு போட்டேன். சுருக்கக் கையெழுத்து, தேதி. பிறகு வெகுநேரம் யோசித்து எழுதினேன்: ‘காரணம்: இதை எழுதியவள் வாங்கியது 41.’

அவள் படித்தாள். சிரிக்கவில்லை, மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. தாளை நான்காக மடித்துத் தன் வேதியியல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, பையோடு உள்ளே போனாள்.