பூட்டு மசோதாவை எதிர்த்தவர்

வீட்டில் இருக்கும் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்ற மசோதா சட்டமன்றத்துக்கு வந்தபோது, அதை எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்தியவர் மரக்கடைக்காரர்தான். கடையை மகனிடம் விட்டுவிட்டு உறுப்பினராகிப் பல வருஷமாகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை.

பக்கத்துத் தொகுதியில் ஒரு பிள்ளை அப்பாவின் துப்பாக்கியை எடுத்து விளையாடி, தம்பியின் காலைச் சுட்டுவிட்டது. அதிலிருந்து பிறந்த மசோதா அது.

"பாவம்தான். ஆனா அந்தாளு பொறுப்பில்லாதவன். அதுக்கு நான் ஏன் பூட்டணும்? திருடன் வந்தா சாவியத் தேடிக்கிட்டு நிக்கவா?" என்றார் மரக்கடைக்காரர்.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் காலை டிவிக்காரர்களை வீட்டுக்கே வரவழைத்தார். படுக்கையறையில் நிருபர் பெண் மைக்கை நீட்டினாள். கேமராக்காரர் சுவரோரம் ஒண்டிக்கொண்டார்.

"திருடன் வந்துட்டான்னு வெச்சுக்குங்க," என்று மரக்கடைக்காரர் தலையணைக்கு அடியில் சடாரென்று கையை விட்டார்.

கை வெறுமனே வந்தது.

அசடு வழியச் சிரித்தபடி அடுத்த தலையணையைத் தூக்கினார். மெத்தையைப் புரட்டினார். அலமாரியைக் குடைந்தார்.

"திருடன் இன்னும் இருக்கானா சார்?" என்று கேட்டாள் நிருபர்.

அவர் மனைவி பல் டாக்டர். கிளினிக்குக்குக் கிளம்பியவர் எட்டிப் பார்த்தார். "என்னங்க தேடறீங்க? கண்ணாடியா? நெத்தியில இருக்கு."

"துப்பாக்கிம்மா."

"தோட்டத்துல ஏதோ சத்தம்னு நேத்து பேண்ட் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போனீங்களே?"

"ஆமா! அந்த பேண்ட் எங்க?"

"என்னக் கேட்டா? காலையில உங்க துணிய நீங்கதானே மெஷின்ல போட்டீங்க?"

அப்போதுதான் எல்லோர் காதிலும் விழுந்தது. பின்கட்டில் வாஷிங் மெஷின் டங், டங்கென்று எதையோ உருட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள குண்டு இருக்கா?" என்றார் மனைவி.

"ரொப்பித்தான் வெச்சிருந்தேன்."

கேமராக்காரர் கேமராவைக் கட்டிலில் போட்டுவிட்டு அதற்கடியில் புகுந்தார். மனைவி குனிந்தபடியே ஓடி பிளக்கைப் பிடுங்கினார். உருளை நின்றது, கதவு திறக்கவில்லை.

"பூட்டு அதுவா விட்டாத்தான் கதவு திறக்கும். ரெண்டு நிமிஷமாகும்," என்றார் மனைவி.

மூவரும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குந்தினார்கள். அங்கேயும் மைக் நீண்டது. "சார், பூட்டு பத்தி இப்ப உங்க கருத்து?"

"கொஞ்சம் சும்மா இரும்மா."

மனைவி சிரிக்கவில்லை. "பேத்தி வந்தா அந்த மெஷின் முன்னாடியேதாங்க உக்காந்திருப்பா. துணி சுத்தறதப் பாக்க."

கதவு 'க்ளிக்' என்றபோது, "ஐயோ!" என்று அலறியவர் மரக்கடைக்காரர்தான். ஈரத் துப்பாக்கியை எடுத்துக் குண்டுகளைக் கழற்றினார்.

அன்று மாலைச் செய்தியில், கட்டிலில் கிடந்த கேமரா பிடித்த மின்விசிறி வெகுநேரம் சுற்றியது. பின்னணியில் அவர் குரல். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மறுநாள் சபையில் எழுந்து, "ஆதரிக்கிறேன்," என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மேசைகள் அதிர்ந்தன. மசோதா நிறைவேறியது.

"ஏன்யா இப்படிக் கவுத்த?" என்று கட்சித் தலைவர் பாய்ந்தார்.

"உங்க வீட்ல துணி தொவைக்கறது யாருங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, இரும்புப் பெட்டி வாங்கக் கடைக்குப் போனார். அதன் சாவி மனைவியின் கிளினிக்கில் எங்கேயோ இருக்கிறது. எங்கே என்று அவர் இதுவரை கேட்டதில்லை.