ஒரு மணிக்குப் பசிக்காத ஆள்

என் அக்கா ரேணுகாவின் போனில் அந்தக் கடிகாரத்தைப் பார்த்ததுமே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கும். இரண்டுக்கு வந்ததும் யாரோ ஒருவர் பொத்தானை அழுத்துவார். மறுபடியும் பத்து. சிவப்பு நிறம்கூட அதேதான்.

சென்னையில் எட்டு மாதம் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். இன்ஜினியரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டுப் போன எனக்குக் கிடைத்த வேலை அது. வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றின் வாடிக்கையாளர்களுக்கு ராத்திரி முழுக்க சாட்டில் பதில் தட்ட வேண்டும். அதையும் விட்டேன். மனசாட்சி உறுத்தியதால் அல்ல. பகலில் தூக்கம் வரவில்லை, விட்டுவிட்டேன். எங்கள் ஊர் சிலமலைக்குத் திரும்பி வந்து நான்கு மாதம் ஆகிறது.

"எம்புட்டுப் போட்ட?" என்று கேட்டேன்.

"எதுல?"

"கையில வச்சிருக்கியே, அதுல."

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். "ஒனக்கென்னடா சோலி? போய்ப் படு. அதானே ஒன் வேலை."

அவளுக்கு ஒரு வண்டி வேண்டும். போடியில் ஐசக் என்பவருடைய ஏலக்காய்க் கடையில் ஆறு வருடமாகக் காய் தரம் பிரிக்கிறாள். ஐசக்குக்குக் கண் மங்கிவிட்டது. ஏலக்காய் ஏல மையத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காக விலை கேட்க அக்காவைக் கூப்பிட்டிருந்தார். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து அது அவளுடைய நாற்காலி. சம்பளம் ஒன்றரை மடங்கு. பழகுவதற்காக வாரத்தில் இரண்டு நாள் இப்போதே கூட்டிப்போகிறார். ஒரே ஒரு நிபந்தனை. ஒன்றாம் தேதியிலிருந்து காலை ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருந்து, அன்றைய சாம்பிள் அத்தனையையும் உடைத்துப் பார்த்து முடிக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ் போடி போய்ச் சேர ஏழே முக்கால் ஆகும். தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் ஐந்தரைக்கே நிரம்பிப் போடிமெட்டுக்குப் போய்விடும். அதில் அவளுக்கு இடமில்லை. வண்டி இல்லையென்றால் நாற்காலி வேறு ஆளுக்கு.

இருபத்தோராயிரம் சேர்த்திருந்தாள். பழைய ஸ்கூட்டர் ஒன்றுக்கு அது பத்தவில்லை. அப்போதுதான் 'பத்துப்பைசா' என்ற தளத்தின் விளம்பரம் போனில் வந்திருக்கிறது. புது ஸ்கூட்டர், நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்க்குப் போனது, வாங்கியவர் படத்தோடு.

"ஏமாத்துன்னு சொல்லப்போற. சொல்லு" என்றாள்.

"ஏமாத்துன்னு சொல்லல. செயிச்சவனுக்கு வண்டிய அனுப்பினாலும் அனுப்புவான். ஒரு தடவ அமுக்க இருபத்தஞ்சு ரூவா. ஒரு அமுக்குக்குப் பத்துப் பைசா ஏறுது, கடியாரம் சைபருக்கு எறங்குறப்ப கடைசியா அமுக்கினவனுக்குப் பொருள். நானூத்திப் பன்னெண்டு ரூவா ஏற நாலாயிரத்துச் சொச்சம் தடவ அமுக்கியிருக்காங்க. கணக்குப் போடு. வண்டி வெலைக்கு மேலயே அவனுக்கு வந்துருச்சு. தோத்தவன் எல்லாரும் சேர்ந்து வாங்கிக் குடுத்த வண்டி அது."

"அப்ப செயிக்கிறவளா இருந்துட்டுப் போறேன்."

"எதுத்தாப்புல கேக்குறது ஆளே இல்லன்னா?"

"ஆறு வருசமா கடைக்கு வர்ற ஏலக்காரங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கேன்டா. எவன் எப்ப கைய எடுப்பான்னு எனக்குத் தெரியும். ஒனக்கு என்ன தெரியும்? காலேச விட்ட. வேலைய விட்ட. விடுறதத் தவிர நீ என்னத்தக் கண்ட?"

அடுப்படியிலிருந்து அம்மா ஒச்சம்மாள், "ரெண்டு பேரும் அந்தப் போன ஒடைச்சுப்புட்டுச் சாப்பிட வாங்க" என்றாள்.

அக்கா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சாப்பிடும்போது அவளாகவே, "நாளைக்கு என்கூட வா. ஏலம்னா என்னன்னு வந்து பாரு" என்றாள்.

மறுநாள் போனேன். ஏல மையத்தில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு வியாபாரி. பெரிய திரையில் லாட் நம்பர், எத்தனை மூட்டை, எத்தனை கிலோ. ஒவ்வொரு லாட் வரும்போதும் அதன் காய் சிறு பொட்டலமாகக் கைக்கு வருகிறது. உடைத்துப் பார்க்கிறார்கள், முகர்கிறார்கள், அழுத்துகிறார்கள். அங்கேயும் நொடி இறங்குகிறது. யாராவது கேட்டால் மறுபடி ஏறுகிறது. அக்கா அந்தத் தளத்தை ஏன் நம்பினாள் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் வேலை பார்க்கிற இடம்தான் அவள் போனுக்குள் இருந்தது.

ஐசக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் காதருகே குனிந்து, "எதுத்த வரிசையில மஞ்சச் சட்ட, காலை ஆட்டுறாரு மொதலாளி. இன்னும் ரெண்டு கேட்பு, அப்பறம் விட்ருவாரு" என்றாள். அப்படியே நடந்தது. அடுத்த லாட்டில், "இது வேணாம். ஒரு காயி நனைஞ்சு காஞ்சது" என்று விட்டுவிட்டாள். இன்னொரு லாட்டுக்கு விலை ஏறவே இல்லை. தோட்டக்காரர், "எனக்குக் கட்டாது" என்று சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டார். யாரும் அவரைத் திட்டவில்லை.

மணி பன்னிரண்டரையைத் தாண்டியதும் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இப்பப் பாரு."

கேட்புகள் மெதுவாயின. கொட்டாவி விட்டார்கள். ஒருவர் எழுந்து போய்விட்டு வந்தார். ஒரு மணி நெருங்கும்போது நல்ல பச்சைக் காய் ஒன்று காலையில் போனதைவிடக் கிலோவுக்கு நாற்பது ரூபாய் குறைவாக ஐசக்குக்கு விழுந்தது.

"பசிடா" என்றாள் வெளியே வந்ததும். "எல்லாத்துக்கும் ஒரு மணிக்கு வயித்தக் கிள்ளும். நம்ம பொறுத்துக்கிட்டுக் குந்தியிருந்தா வெல தானா எறங்கும். இதே வித்தையத்தான் அதுலயும் போடுறேன்."

"செயிச்சுட்டியா?"

அக்கா வேப்பமரத்தடியில் நின்று போனைத் திறந்தாள். ஸ்கூட்டர் ஏலம் ஓடிக்கொண்டிருந்தது. எதிரில் 'குமரன்_தேனி' என்று ஒரு பெயர். அக்கா அழுத்தினாள். பத்திலிருந்து இறங்கியது. இரண்டில் குமரன் அழுத்தினான். அக்கா அழுத்தினாள். இரண்டில் குமரன். தூக்குச்சட்டியைத் திறந்து எனக்கு நீட்டிவிட்டு, தான் சாப்பிடாமல் அழுத்தினாள். இரண்டில் குமரன்.

நான் புளிச்சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். சென்னையில் எங்கள் வரிசைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. அதில் ஆட்கள் கிடையாது, ஆள் பெயர்களில் தாமாகவே ஏலம் கேட்கிற நான்கு கம்ப்யூட்டர்கள் மட்டும். இந்தத் தளத்திலும் அப்படித்தானா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியாததைச் சொல்லி ஏற்கெனவே ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

"டேய் மாரி" என்றாள். "இவன் சாப்பிட மாட்டானா?"

"யாரு?"

"இந்தக் குமரன். மூணு நாளா ஒரு மணிக்குப் பாக்குறேன். ரெண்டுலதான் அமுக்குறான். மூணுல இல்ல, ஒண்ணுல இல்ல. கையி ஒரு தடவகூடத் தடுமாறல. மஞ்சச் சட்டக்காரர் முப்பது வருசமா ஏலம் கேக்குறாரு, அவருக்கே காலு ஆடுது." போனை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். "அந்தா, மிக்சி ஏலத்துலயும் இவன்தான். அதுலயும் ரெண்டு."

நான் சோற்றை விழுங்கினேன்.

"சரக்கு யாருதுடா?"

"என்ன?"

"இந்த வண்டி. உள்ள, ஒவ்வொரு லாட்டுக்கும் தோட்டக்காரர் இருக்காரு. ஏலம் நடத்துறவன் வேற, வாங்குறவன் வேற. தன் சரக்குக்குத் தானே வெல கேட்டா அங்க விடுவாங்களா? இதுல சரக்கு யாருது?"

"தளத்துக்காரனுது."

"கடியாரம்?"

"அவனுது."

"அமுக்குறதுக்குக் காசு வாங்குறவன்?"

"அவன்தான்."

அக்கா திரையைப் பார்த்தாள். இறங்கி இரண்டுக்கு வந்தது, ஏறியது. அவள் அழுத்தவில்லை. வேறு யாரோ அழுத்தினார்கள். அந்த ஆளாவது நிஜமா என்று எனக்குத் தெரியாது. நிஜமாக இருந்தால் பாவம்.

"ஒம்போதாயிரம்" என்றாள். "அமுக்கினது. இன்னும் ஆறாயிரத்துக்குக் கேட்பு வாங்கி அமுக்காம கெடக்கு." தூக்குச்சட்டியை என்னிடமிருந்து பிடுங்கிச் சாப்பிட ஆரம்பித்தாள். "எல்லாத்தையும் தின்னுட்டியா, எரும."

அன்று சாயங்காலம் வீட்டில் அந்தத் தளத்தின் விதிமுறைகளைக் கடைசி வரை படித்தேன். அதை யாரும் படிப்பதில்லை. படிக்க மாட்டார்கள் என்பதுதான் எங்களுக்குச் சென்னையில் கொடுத்த முதல் பாடம். பயன்படுத்தாத கேட்புகளை வாங்கிய பதினைந்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைசிப் பத்தியில் இருந்தது. அன்றைக்குப் பன்னிரண்டாவது நாள்.

சாட்டைத் திறந்தேன். 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று வந்தது. இரண்டாவதாக ஐம்பது கேட்புகள் இலவசம் என்றார்கள். மூன்றாவது, மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறோம். நான்காவது, மூன்று வேலை நாள் பொறுங்கள். வரிசைகூட மாறவில்லை. அந்த நான்கையும் நானே ஆயிரம் தடவை ஒட்டியிருக்கிறேன்.

"என்னடா சிரிக்கிற?" என்றாள் அக்கா.

"மூணு நாள் பொறுன்னா பதினஞ்சு முடிஞ்சு போகும். அதுக்குத்தான்."

"அப்ப போச்சா?"

"பொறு."

கோபமாகத் திட்டுகிறவர்களைப் பற்றி எங்கள் மேலாளர் கவலைப்பட்டதே இல்லை. கெஞ்சுகிறவர்களைப் பற்றியும் இல்லை. திட்டாமல், கெஞ்சாமல், தேதியும் புகார் எண்ணும் போட்டு எழுதுகிற ஆளை மட்டும் உடனே மேலே அனுப்பச் சொல்வார். அக்காவை 1930க்கு போன் செய்யச் சொன்னேன். சைபர் புகார் எடுக்கிற எண் அது. அவள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். குமரன் சாப்பிடுவதில்லை என்பதையும் சொன்னாள். எதிர்முனையில் இருந்த பெண் அதையும் எழுதிக்கொண்டார் போலிருக்கிறது. புகார் எண் வந்தது. அதை, வாங்கிய தேதியோடும் அந்தக் கடைசிப் பத்தியோடும் சேர்த்து மூன்று வரியில் சாட்டில் எழுதினேன். ஐந்தாவது பதில் வர நாற்பது நிமிடம் ஆனது. அது ஒட்டிய பதில் அல்ல, யாரோ உட்கார்ந்து தட்டியது. எழுத்துப்பிழை இருந்தது.

மறுநாள் மதியம் ஆறாயிரம் திரும்பி வந்தது. ஒன்பதாயிரம் வரவில்லை. வரும் என்று நான் சொல்லவும் இல்லை. புகார் மட்டும் அப்படியே இருக்கிறது.

கையில் மொத்தம் பன்னிரண்டாயிரம். ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள்.

சாம்சன் என்பவர் போடியில் மொபெட் பழுது பார்க்கிறவர். கடை வாசலில் பழைய எக்செல் மொபெட் ஒன்று நின்றது. பதினைந்தாயிரம் என்றார். அக்கா அதைச் சுற்றி வந்தாள். சீட்டைத் தூக்கினாள். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தாள், ஏலக்காயை முகர்வது போலவே.

"பதினொண்ணு" என்றாள்.

"தங்கச்சி, டயரப் பாரு, புதுசு."

"டயரு புதுசு. செயினு பழசு. பதினொண்ணு."

"பதினாலு. எங்க வீட்டம்மா மேல சத்தியமா அதுக்குக் கீழ முடியாது."

"அவுகளக் கேட்டா தெரியும், நெசமா இல்லையான்னு."

சாம்சன் சிரித்தார், ஆனால் அதிகம் இறங்கவில்லை. பதிமூன்றரை என்றார். அதிலேயே நின்றார். அக்கா என்னைப் பார்த்து, "வாடா, போவோம்" என்றாள்.

"அக்கா, நாலு நாள்தான் இருக்கு."

"விடத் தெரியணும்டா" என்று நடந்துகொண்டே சொன்னாள். "நீயே இப்பிடிச் சொன்னா?"

மணி ஒன்று ஆகியிருந்தது. அவள் வேகமாக நடக்கவில்லை. தெருமுனையில் நின்று செருப்பு வாரைச் சரி செய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"தங்கச்சி!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. "சாப்பாட்டு நேரத்துல ஏம்மா உசுர வாங்குற? பதினொண்ணரை. கொண்டா."

ஒன்றாம் தேதி அவள் ஓட்டினாள், நான் பின்னால் உட்கார்ந்தேன். மலை மேல் வெளிச்சம் விழுந்திருந்தது. போடிமெட்டு வளைவுகளில் ஜீப்புகள் ஏறுவது தெரிந்தது. ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏல மையத்துக்குப் போய்விட்டோம். ஐசக் வாசலில் நின்றிருந்தார்.

"வண்டி புதுசா ரேணுகா?"

"பழசு மொதலாளி. ஆனா என் வெலைக்கு வந்துச்சு."

அவர் வண்டியைத் தடவிப் பார்த்தார். "சரி, உள்ள வா. எம்பது சாம்பிள் கெடக்கு."

அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டும், மாலையில் வந்து அவளைக் கூட்டிப்போக வேண்டும் என்பது ஏற்பாடு. மிதித்தேன். கிளம்பவில்லை. பத்துத் தடவை மிதித்தேன். பிறகு கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, சாம்சன் கடை வரைக்கும் அதைத் தள்ளிக்கொண்டு போனேன். கடை இன்னும் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

சாம்சன் வாயில் இட்லியோடு வெளியே வந்தார்.

"பிளக்காத்தான் இருக்கும். ரெண்டு நிமிசம். நீ சாப்பிட்டியா?"