வந்தது சிவப்புப் பூ

என் அப்பா வெள்ளையன் வாத்தியார் எழுதியது ஒரே ஒரு நாவல். அதுவும் பச்சைப் பொய். பொய் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் எழுதினார். அதை நிஜம் என்று நம்பவும் ஆள் கிடைக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டைக்கு மேலே எங்கள் ஊர்க் கரடு, ஒரு மொட்டைக் குன்று, இருக்கிறது. அதன் மண்ணில் அலுமினியம் இருக்கிறதாம். அப்பா இளவட்டமாக இருந்த காலத்தில் ஒரு கம்பெனி வந்து கரட்டை வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டது. ஊர் போய்ச் சாமியிடம் பூ கேட்டது. வெள்ளை அரளியை ஓர் இலையிலும் செவ்வரளியை ஓர் இலையிலும் ஒரே மாதிரி மடித்து, சேர்வராயன் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கூடாது. எடுத்தவள் அப்பாவின் தங்கை கண்ணம்மாள், என் அத்தை. அப்போது அவளுக்கு ஏழு வயது. வந்தது சிவப்பு. கம்பெனி பேசாமல் மலையிறங்கிப் போய்விட்டது.

ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் பூ கேட்பார்கள். இன்னொரு தடவை கேட்டால் சாமியை நம்பவில்லை என்று ஆகிவிடும். அந்த முதல் பதில்தான் பேரன் பேத்தி காலத்துக்கும். அதை யாரும் எழுதி வைத்ததில்லை. ஊருக்கே தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும்?

அப்பா எழுதினார், ஆனால் தலைகீழாக. அன்றைக்கு வெள்ளை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அவருடைய ‘வெள்ளைப்பூ’ நாவல். அதில் கரடு போய் அந்த இடத்தில் பெரும் பள்ளம் இருக்கிறது. ஏற்காட்டு ஏரி செம்மண் குழம்பாகிவிட்டது. பள்ளத்தின் அடியில் ஓர் இயந்திரம் மூடுபனியை உறிஞ்சிப் புட்டியில் அடைக்கிறது. சனங்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். தூசிக்குப் பயந்து எல்லோரும் மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள், தொட்டில் பிள்ளை உட்பட. நடந்த சரித்திரத்தை ஓர் இடத்தில் திருப்பிவிட்டு எழுதுவதற்கு மாற்று வரலாறு என்று பெயராம். அப்பாவுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. சேலத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் போட்டார். ஒரு பத்திரிகையும் ஒரு வரி எழுதவில்லை. பெரிய எழுத்தாளர்களுக்கு அனுப்பிய பிரதிகளுக்குப் பதில் கார்டுகூட வரவில்லை. முழுசாகப் படித்தது கரையான் மட்டும்தான். அந்த வயிற்றெரிச்சல் அப்பாவோடு போகவில்லை, என்னிடம் தங்கிவிட்டது.

போன வருஷம் சென்னையிலிருந்து ஜோஸ்லின் என்ற பதிப்பாளர் தேடிக்கொண்டு வந்தாள். எங்கோ பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி கிடைத்ததாம். “மேனகா, இப்படி ஒரு அறிவியல் புனைவு தமிழில் இருக்கிறது என்றே யாருக்கும் தெரியவில்லையே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. மறுபதிப்பு அழகாக வந்தது. பின்னட்டையில் மட்டும் ‘ஏற்காடு மலையில் நடந்த உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்று ஒரு வரி. கேட்டதற்கு, “பூ கேட்டது உண்மைதானே?” என்றாள். உண்மைதான். விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் ஷேர் ஜீப் ஓட்டும் விஜயகுமாருக்கு நல்ல குரல். அவன் தினம் ஓர் அத்தியாயமாக வாசித்து ஊர் வாட்ஸப் குழுவில் போட ஆரம்பித்தான். காப்பிப் பழம் பறிக்கும் பருவம். பெண்கள் போனைக் கிளையில் மாட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டே பறித்தார்கள். எஸ்டேட் முழுக்க என் அப்பாவின் வாக்கியங்கள். தலைகால் புரியாத சந்தோஷம் எனக்கு.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அவளும் கேட்டாள். முதலில் வாயைப் பொத்திச் சிரித்தாள். “உங்கப்பன் புளுகுறதப் பாரு கண்ணு! நான் எடுத்தது சிவப்பு. என்னையப் போய் வெள்ளை எடுத்தவளாக்கிப் போட்டானே.” கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றது. கேட்ட அத்தியாயத்தையே திரும்பத் திரும்பக் கேட்டாள். பறிப்பு முடியும் சமயம் ஒருநாள், ராகி களி கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையை முகர்ந்தாள். எனக்கு என்னவோ போல இருந்தது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனியில் கம்பெனி திரும்பி வந்தது. பெயர் வேறு, கேட்டது அதே கரடு. கோயில் முன்னால் ஊர் கூடியது. பொழுது சாயும் நேரம். எனக்குத் துளிக்கூடப் பயமில்லை. பூ கேட்டாயிற்று, சிவப்பு வந்தாயிற்று என்று ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம். கம்பெனி மேனேஜர் ராஜ்குமார் மலைக்குக் கீழே கீழ்நாட்டு ஆள், மரியாதையானவர். செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். மடியில் அப்பாவின் புத்தகம்.

“உங்க சாமி சொன்னதுதானுங்க எங்களுக்கும். முன்னாடி பூ கேட்டீங்களாமே, என்னங்க வந்தது?” என்றார்.

“வெள்ளைங்க” என்றான் விஜயகுமார்.

நான் எழுந்துவிட்டேன். “டேய், என்னடா உளர்றே? சிவப்புடா!”

“அக்கா, உங்கப்பாவே எழுதியிருக்காருங்களே.”

“அது கதைடா!”

“ஊரு பேரு நெசம், கரடு நெசம், அத்தை பேரு நெசம். பூ மட்டும் பொய்யுங்களா அக்கா?”

அவன் கேலி செய்யவில்லை. கம்பெனி கைக்கூலியும் இல்லை. என் முகத்தைப் பார்த்து நிஜமாகவே கேட்டான். சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்தேன். என்னைவிட மூத்தவர்கள், நேரில் பார்த்தவர்கள், தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். “வெள்ளைதான், நொம்ப சந்தோசப்பட்டமே அன்னிக்கு” என்றார் ஒருவர். அந்தச் சந்தோஷம் நாவலில் மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது.

“வெள்ளை வந்திருந்தா கரடு எப்படிங்க இன்னும் நிக்குது?” என்று கத்தினேன்.

“உத்தரவு அப்பவே கெடச்சுதுங்க. கம்பெனிதான் இப்ப வருது” என்றான் விஜயகுமார். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

“எடுத்தவளே இருக்கறா. அவளக் கேளுங்க” என்றேன். அத்தையைக் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினேன். எனக்கு இருந்த ஒரே துணை அவள்தான். “சொல்லு அத்தை. என்ன பூ?”

அவள் சாமியைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். “வெள்ளை. எலையப் பிரிச்சதும் கம்முனு மல்லி மணம். இன்னும் கையில இருக்குது, மோந்து பாரு கண்ணு.”

பூ கேட்பதற்கு மல்லிகை வைப்பதில்லை, அரளிதான். மல்லிகை நாவலில் அப்பா சேர்த்தது. வாசனை இருந்தால் படிக்கிறவன் நம்புவான் என்று என்னிடமே சொல்லிச் சிரித்தவர் அவர். அதைச் சொன்னேன்.

“சாமி நெனச்சா அரளியும் மல்லியா மணக்கும்” என்றது ஒரு குரல். கூட்டம் சாமியைப் பார்த்துக் கும்பிட்டது.

இன்னொரு தடவை பூ கேட்கலாம் என்று கெஞ்சினேன். கேட்கக் கூடாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரும் மறக்கவில்லை. ராஜ்குமார் புத்தகத்தை என்னிடம் நீட்டி, “ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க, வாத்தியார் பொண்ணு போட்டதா இருக்கட்டும்” என்றார். அவர் முகத்தில் துளி கள்ளம் இல்லை. நான் வாங்கவில்லை.

அத்தையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள்மேல் கோபம் கோபமாக வந்தது, திட்டவும் மனசு வரவில்லை. சிவப்பு வந்ததை நான் கண்ணால் பார்த்தவள் இல்லை. நான் அப்போது பிறக்கவே இல்லை. அப்பா வாயால் கேட்டதுதான். புளுகுகிற வாய் என்று அவரே சொல்லிக்கொள்வார். இப்படி நினைத்ததும் எனக்கு என்மேலேயே பயம் வந்தது.

ஜன்னலுக்கு வெளியே கரடு அப்படியே நின்றது. மூடுபனி அதன் தோளிலிருந்து இறங்கி மிளகுக் கொடிகளை நனைத்துக்கொண்டிருந்தது. தூசி என்று பேருக்குக்கூட ஒன்றும் இல்லை.

பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம். அத்தை பழைய சேலையைக் கிழித்துச் செம்பில் நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டி, பழகிய கையால் பின்னால் முடிச்சுப் போட்டாள். இன்னொன்றை என்னிடம் நீட்டினாள்.

“கட்டிக்க சாமி. சின்னப்புள்ளைல இருந்து கட்டித்தான தூங்கறோம்.”

நான் கட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தத் துணியைக் கீழே போடவும் எனக்குக் கை வரவில்லை.