ஈஸ்டருக்குப் பிறகும் ஒருசந்தி

எங்கள் சந்துக்கு மொத்தமாக ஒரே ஒரு புதுநன்மைக் கவுன்தான். ரெனிட்டா அக்காவுக்கு எட்டு வயதில் அவளுடைய அம்மா தைத்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கினாள். அதன் பிறகு சந்தில் எந்தப் பெண்ணுக்குப் புதுநன்மை வந்தாலும் அந்தக் கவுன் டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே வரும். பூசை முடிந்ததும் துவைத்து, நீலம் போட்டு, அந்துருண்டையோடு திரும்ப உள்ளே போகும்.

என் முறை வந்தபோது எனக்கு இடுப்பில் பிடித்தது. ரெனிட்டா அக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“மூச்ச இழுத்துக்கடி மர்சு. கோயில்ல பாடச்சொல்ல டர்ருன்னு கிழிஞ்சிக்கப் போவுது.”

அம்மா சிரித்தாள். “நீதான துன்ன வெச்ச? இப்போ நீயே அவஸ்தப்படு.”

உண்மைதான். அப்பா போன பிறகு அம்மா அடையாற்றில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போனாள். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவாள். அதுவரை நான் ரெனிட்டா அக்காவின் பொறுப்பு. அவள் அப்போது பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் கடலுக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் சந்து. இரண்டு பக்கமும் வீடுகள், நடுவில் ஒரு குழாய். அந்தக் குழாயடியில் என்னை உட்கார வைத்துப் பேன் பார்ப்பாள். பேன் பார்த்துக்கொண்டே ஜெபம் சொல்லிக் கொடுப்பாள். தப்பாகச் சொன்னால் தலையில் ஒரு குட்டு.

சோறு ஊட்டும்போது மட்டும் குட்டு கிடையாது. மீன் குழம்பு பிசைந்து உருண்டை உருண்டையாகத் தட்டின் ஓரத்தில் அடுக்குவாள். “இது மாதாவுக்கு. இது சூசையப்பருக்கு. இது அந்தோணியாருக்கு, வாயத் தொற. இது செபஸ்தியாருக்கு, பாவம் உடம்பெல்லாம் அம்பு.” கடைசி உருண்டை எப்போதும் காவல் சம்மனசுக்கு, கூடவே நின்று காக்கும் தேவதூதருக்கு. அதை மட்டும் மிச்சம் வைக்கக் கூடாது. “வெச்சீன்னா அவரு ராவெல்லாம் பசியோட காவல் நிப்பாரு. பசியில தூங்கிட்டார்னா உன்ன யாரு பாத்துக்கறது?” அந்தப் பயத்தில் வயிறு வெடித்தாலும் நான் கடைசி உருண்டையை விழுங்கிவிடுவேன். மீனும் மஞ்சளும் சேர்ந்த அவள் விரல் வாசனை இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பத்தாவதோடு நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டபோது சந்தே திட்டியது. அவள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. “ஆளுங்க முன்னாடி பேச வராதுன்னா வுடு. எல்லாரும் பேசிக்கினே இருந்தா கேக்கறதுக்கு யாரு?” என்றாள். எனக்காக யாரும் சொன்ன சொற்களில் அதைத்தான் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ரெனிட்டா அக்காவின் அண்ணன் ரொனால்ட் கப்பலில் வேலை பார்த்தவர். அண்ணி காய்ச்சலில் இறந்ததும் நாலு வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து தங்கையிடம் விட்டுவிட்டுத் திரும்பக் கப்பல் ஏறினார். பெண்ணின் பெயர் தமிழ்மொழி. நாங்கள் மொழி என்று கூப்பிடுவோம். கொஞ்ச காலம் போன் வந்தது. பிறகு அதுவும் நின்றது. வீட்டில் வேறு பெரியவர்களும் இல்லை. ரெனிட்டா அக்கா தியாகராய நகரில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்க நிற்க வேண்டும். நிச்சயமான ஒரு சம்பந்தம், பிள்ளையோடு வரக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதால் முறிந்தது. அதற்குப் பிறகு அவள் குழாயடியில் நின்று பேசுவதில்லை. குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விடுவாள்.

போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் மொழிக்கு எட்டு வயது. ஈஸ்டர் முடிந்து புதுநன்மை. என் புதுநன்மைக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருந்த கவுனை அளவு பார்க்க அம்மா அவளைக் கூப்பிட்டாள். வந்தவளிடம் ஒரு தட்டு உப்புமாவை நீட்டினாள்.

“வேணா ஆன்ட்டி. ஒருசந்தி.”

அம்மாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. ஒரு வேளைதான் சாப்பிட்டு இருக்கும் அந்த விரதம் பெரியவர்களுக்கே கஷ்டம். சிறு பிள்ளைகளுக்கு அது கிடையவே கிடையாது. “பாத்தியாடி மர்சலின்? இத்துனூண்டு கீது, ஒருசந்தி இருக்குது. நீ பெரிய வெள்ளி அன்னிக்கே பதினொரு மணிக்குப் பான உருட்ட போயிடுவ” என்று என்னை இடித்தாள். விஷயம் சந்து முழுக்கப் பரவிற்று. யார் எதைக் கொடுத்தாலும் மொழி அதே வார்த்தையைச் சொன்னாள். அவள் தலையில் சிலுவை போட்டுவிட்டுப் போனார்கள். “நான் ஒண்ணும் சொல்லல, அவளாதான் இருக்கா” என்றாள் ரெனிட்டா அக்கா. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு உண்டு என்பதால் எங்களுக்கும் பெரிதாகத் தோன்றவில்லை.

சந்து முனையில் இருக்கும் ஹாஜிரா பீ மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் ரமலானும் தவக்காலமும் ஒன்றாக வந்திருந்தன. சாயங்காலம் அவர் வீட்டு நோன்புக் கஞ்சி எங்களுக்கும் வரும். ஒரு நாள் மொழி அவர் வாசலில் நின்றிருக்கிறாள். கொடுத்த கஞ்சியை நின்ற நின்றபடியே குடித்துவிட்டு, கிண்ணத்தை விரலால் வழித்திருக்கிறாள். மறுநாளிலிருந்து அந்தப் பக்கமே வரவில்லை.

“இன்னாம்மா உங்க நோன்பு?” என்று ஹாஜிரா பீ குழாயடியில் கேட்டார். “எங்க பிள்ளைங்க அடம் பிடிச்சி வெச்சா, சாயங்காலம் மக்ரிப்ல வயிறு முட்டத் தொறக்க வைப்போம். இந்தப் பொண்ணு நோன்பு பிடிக்குது, தொறக்கறத மட்டும் நான் பாக்கவே இல்லியே?”

“அது எங்க வேதத்துல வேற மாதிரி பீயம்மா” என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஈஸ்டர் வந்தது. நள்ளிரவுப் பூசைக்குப் பிறகு மெழுகுவர்த்தியை அணையாமல் வீடு வரை கொண்டுவரும் பழக்கம் எங்களுக்கு. சின்ன வயதில் கடற்காற்று என் வர்த்தியை அணைத்துவிட்டால் ரெனிட்டா அக்கா தன்னுடையதைச் சாய்த்து மறுபடி ஏற்றிக் கொடுப்பாள். அந்த வருஷம் மொழியின் வர்த்தி அணைந்தபோது ரெனிட்டா அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஏற்றிக் கொடுத்தேன்.

பிறகு பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள். ஒரு நாள் கவுனை இன்னொரு முறை போட்டுப் பார்க்க மொழி வந்தாள். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். நெத்திலிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“சோறு துன்றியா?”

“வேணாக்கா. ஒருசந்தி.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “லூசு, ஈஸ்டரே முடிஞ்சிபோச்சி. இப்போ யாரு ஒருசந்தி இருப்பாங்க?”

அவள் முகம் மாறியது. பரீட்சையில் படிக்காத கேள்வி வந்தது போல என்னைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப இன்னாக்கா சொல்லணும்?”

குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அணைக்கவும் மறந்து நின்றேன்.

“யாரு வூட்லயும் துன்னக் கூடாதாம்” என்றாள், கேட்காமலே. “துன்னா அத்த மானம் போவுதாம். நைட்டு வரச்சொல்ல பன்னு வாங்கியாரும். சில நாளு மறந்துடும்.”

கவுனைத் தலைவழியாக இறக்கினேன். தவக்காலத்தில் அம்மா பிடித்து வைத்திருந்த இடுப்பு, அதே தையலில், இப்போது தொளதொளவென்று தொங்கியது. முதுகெலும்பு துணிக்கு மேலேயே தெரிந்தது. அன்று எவ்வளவு கெஞ்சியும் அவள் ஒரு வாய் சோறு தொடவில்லை.

அம்மா வந்ததும் சொன்னேன். அவள் பையைக் கீழே வைக்காமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் கதவைச் சாத்தினாள்.

“இத்த வெளிய யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல. பத்து ஒம்போது எட்டுன்னு ஒரு நம்பர் ஸ்கூல் செவுத்துல எழுதியிருக்கும். பிள்ளைங்க உதவிக்குன்னு.”

“போன் பண்ணி? ஜீப்பு வரட்டும், ரெனிட்டாவ ஊரே வேடிக்க பாக்கட்டும், அப்படியா? உன்னத் தூக்கி வளத்தவடி அவ. நான் வேலைக்குப் போனது அவ இருந்த தைரியத்துல.” பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, “பொண்ணுக்கு நாம சத்தம் போடாம சோறு குடுப்போம். ரெனிட்டாகிட்ட நான் பக்குவமா பேசறேன்” என்றாள்.

அம்மா பேசுவதற்குள் நான் பேசிவிட்டேன். அன்று ராத்திரி ரெனிட்டா அக்கா கடையிலிருந்து வந்து குழாயடியில் கால் நனைத்துக்கொண்டிருந்தாள். நின்று நின்று கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. பழைய அக்காவாகவே தெரிந்தாள். சொன்னால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

“அக்கா, மொழி ரொம்ப எளச்சிட்டா. பகல்ல எங்க வூட்ல துன்னட்டுமே.”

அவள் தண்ணீரை நிறுத்தினாள். “அவ சொன்னாளா?”

“இல்லக்கா, நானா...”

“நீ சின்னதுல துன்னது யாரு சோறுடி மர்சு?”

நான் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்போ யாராவது வந்து என்னக் கணக்கு கேட்டாங்களா? இப்போ நீ கேக்கற. எங்கண்ணன் பெத்துப் போட்டுட்டுப் போவான், நான் வாழ்க்கையத் தொலைச்சிட்டு நிக்கணும், நீ வந்து எளச்சிட்டான்னு சொல்லுவ. நல்லா கீதுடி.”

குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவள் குரல் கடைசியில் உடைந்ததைக் கேட்டேன். அவள் அழுதிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே அன்று போன் செய்ய நினைத்தவள் செய்யாமல் விட்டேன்.

மறுநாள் அவள் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. மொழியையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மதியம் துணி காயப்போட அந்தப் பக்கம் போனபோது சன்னலின் கீழ்க் கம்பிகளில் சின்ன விரல்கள் தெரிந்தன.

“அக்கா, தண்ணி குடுக்கா.”

சித்திரை வெயில். தகரக் கூரை. உள்ளே கரண்ட் இல்லை. சொம்புத் தண்ணீரைக் கம்பி வழியாகச் சாய்த்துக் கொடுத்தேன். ஓடிப்போய்ச் சோறு பிசைந்து எடுத்து வந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருசந்தி என்று சொல்ல வாயெடுத்து, அது இனி செல்லாது என்று நினைவு வந்தவளாகச் சும்மா நின்றாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் ஓர் உருண்டையைக் கம்பிக்குள் நீட்டினேன். “இது மாதாவுக்கு” என்றேன்.

அவள் திரும்பினாள். வாயைத் திறந்தாள்.

“இது சூசையப்பருக்கு.”

“அடுத்தது அந்தோணியாருக்கு” என்றாள் அவள், வாயில் சோறோடு. “அப்பறம் செபஸ்தியாரு. பாவம், உடம்பெல்லாம் அம்பு.”

என் கை அப்படியே நின்றது. “உனக்கு யாரு சொன்னாங்க?”

“அத்ததான். முன்ன இப்டிதான் ஊட்டும். இப்ப மறந்துடுச்சி.”

அவளுக்கும் இதே கைதான் ஊட்டியிருக்கிறது. எனக்குக் கிடைத்த அதே ரெனிட்டா அக்கா அவளுக்கும் கொஞ்ச காலம் கிடைத்திருக்கிறாள். அந்த அக்காவைக் காட்டிக்கொடுப்பதா என்றுதான் இதுவரை என்னை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த அக்கா இந்தப் பூட்டுக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. இருந்திருந்தால் அவளே என்னைத் தலையில் குட்டி, போடி, போய்ச் சொல்லுடி என்று துரத்தியிருப்பாள்.

கடைசி உருண்டையை மொழி தானே கையில் வாங்கிக்கொண்டாள். யாருக்கு என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து போனில் அந்த எண்களை அழுத்தினேன்.

“சொல்லுங்கம்மா” என்றது ஒரு பெண் குரல்.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன்னால் நின்றது போல நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் வைத்துவிடவில்லை. “அவசரமில்ல. மெதுவா சொல்லுங்க. உங்க பேரு வெளிய வராது” என்றாள்.

“ஒரு பொண்ணு. எட்டு வயசு. பூட்டி வெச்சிருக்கு.”

“இப்பவா? உள்ளயா இருக்கா? நீங்க அவளுக்கு என்ன வேணும்?”

யோசித்தேன். உறவு ஒன்றும் இல்லை. “அவளுக்கு எங்க வூட்டுலதான் புதுநன்மைக் கவுன் கீது” என்றேன். அது பதிலா என்று அவள் கேட்கவில்லை. விலாசம் கேட்டாள். நான் சொன்னேன், தெரு, சந்து, குழாய்க்கு எதிர் வீடு, எல்லாவற்றையும் தப்பில்லாமல்.

பொழுது சாய்வதற்கு முன்னாலேயே குழந்தைகள் உதவி மையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், கூட ஒரு பெண் போலீஸ். ஆள் அனுப்பி ரெனிட்டா அக்காவைக் கடையிலிருந்து வரவழைத்தார்கள். அவள்தான் பூட்டைத் திறந்தாள். சந்தே வாசலில் நின்றது. அவள் யாரையும் பார்க்காமல் நேராக எங்கள் வாசலைப் பார்த்தாள்.

“நீயாடி மர்சு?”

நான் தலையை ஆட்டினேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் படியில் உட்கார்ந்து வீங்கிய கால்களைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அவளைச் சிறையில் போடவில்லை. விசாரித்தார்கள், எழுதி வாங்கினார்கள், திரும்பத் திரும்ப வரச் சொன்னார்கள். மொழியைக் கொஞ்ச நாள் குழந்தைகள் இல்லத்தில் வைத்திருந்து, பிறகு அவளுடைய அம்மாவின் தங்கையைப் பழவேற்காட்டில் கண்டுபிடித்து ஒப்படைத்தார்கள். அந்த வருஷப் புதுநன்மைக்குக் கவுன் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அம்மா என்னோடு சில நாள் பேசவில்லை. பிறகு ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டே, “நானும்தான் அந்த ஒருசந்திய மெச்சிக்கினு கெடந்தேன்” என்றாள். ஹாஜிரா பீயின் கஞ்சி இந்த வருஷமும் வந்தது. ரெனிட்டா அக்கா வீட்டுக்கும் அவர் ஒரு தூக்கு அனுப்பினார். அவள் வாங்கிக்கொண்டாள். என்னோடு மட்டும் பேசுவதில்லை. நான் குழாயடிக்குப் போனால் குடம் பாதி நிறைந்திருந்தாலும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

இந்த ஈஸ்டருக்குப் பிறகு மொழிக்கு அங்கே புதுநன்மை. அம்மா பிடித்திருந்த தையலைப் பிரித்துவிட்டு, கவுனைப் பழவேற்காட்டுக்கு அனுப்பியிருந்தோம். நேற்று அவள் சித்தி போன் செய்தார். நான் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது.

“கவுனு பத்தலயாம்மா? இடுப்புலயா?” என்றேன். சித்திக்குப் பின்னால் மொழி யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தது கேட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “பிரிச்சிப் பாக்கட்டுமான்னு கேக்கறீங்களா? எனக்குத் தெரியலியே, துணி வுட்டுத் தெச்சிருக்கான்னு...”

எனக்குப் பின்னால் குடம் வைக்கும் சத்தம் கேட்டது. ரெனிட்டா அக்கா நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ரெண்டு பக்கமும் உள்ள வுட்டு வெச்சிருக்கும். எங்கம்மா அப்டிதான் தெப்பாங்க. பிரிக்கச் சொல்லு.”

குடம் நிறைந்து வழிந்தது. அவள் அதை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தாள்.