கை நீட்டவும்

"தூரத்தில் உள்ளதை எடுக்கக் கை நீட்டவும்." கண்ணை மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆடும் விஆர் விளையாட்டுக்கு நான் எழுதிக் கொடுத்த தமிழ் அது. கை நீட்டி விரல்களை மடக்கினால், எதிர்ச்சுவரில் தொங்கும் கோடரி கைக்குள் வந்து சேரும். எங்கள் வீட்டில் கை நீட்டுவதற்கு வேறு பொருள்.

புருஷன் விளையாடிக்கொண்டிருந்தார். ஆறிய காபியோடு உள்ளே போன என் வாயில் குத்து விழுந்தது. பல் உடைந்து தரையில் தெறித்தது.

"ஹெட்செட் போட்டிருந்தேன்டி, தெரியல. கோடரியை எடுக்கத்தான் கை நீட்டினேன். நடுவுல நீ வந்துட்ட."

ஹெட்செட் அவர் நெற்றிமேல் ஏறிக் கிடந்தது.

ரத்தத்தைத் துப்பிவிட்டு, ஹெட்செட்டை அவர் கண்களை மறைக்கும்படி கீழே இழுத்துவிட்டேன். பிறகு பக்கத்தில் இருந்த இஸ்திரிப் பெட்டியால் அவரை ஓங்கி அறைந்தேன். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. சுருண்டு விழுந்தார்.

"மன்னிச்சுக்கோங்க," என்றேன். "நானும் கோடரியை எடுக்கத்தான் கை நீட்டினேன். நடுவுல உங்க தாடை வந்துடுச்சு."