இரண்டாவது பெண்ணின் வசனம்

என் தம்பி மகன் நாடகம் எழுதுகிறவன். அவனுடைய புதிய நாடகத்தில் என் மகளைப் போலவே ஒருத்தி வருகிறாள் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். என் மகள் காய்ச்சலில் இறந்துபோய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அதற்கு முந்தைய மாதம்தான், அவளைக் கேட்டு வந்த ஒரு பையனை நான் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தேன். ஊருக்கு நான் சொன்னது வேறு: "பெண்ணே வேண்டாமென்று சொல்லிவிட்டாள்." எங்கள் குடும்பத்தின் மரியாதை அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது.

மறுநாள் காலையே ஒத்திகைக் கூடத்துக்குப் போனேன். மேடையில் இரண்டு காதல் ஜோடிகள். முதல் பெண் மூச்சுவிடாமல் பேசினாள். இரண்டாவது பெண் எதையும் முடிக்கவில்லை. அவள் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவதற்குள், திரைக்குப் பின்னால் யாரோ ஒரு தடியைத் தரையில் தட்டினார்கள். அவள் சட்டென்று நிறுத்தி, கழுத்துச் சங்கிலியைப் பல்லில் கடித்தாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

என் மகள் மாடிப்படியின் வளைவில் அப்படித்தான் நிற்பாள். இப்போதும் அந்த வளைவில் விளக்கைப் போடாமல் நான் ஏறுவதில்லை.

"என்னடா கூத்து இது?"

"வாங்க பெரியப்பா. கூத்தேதான்" என்றான் தம்பி மகன். "காதலிக்கிறவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் உளறுவாங்க. ரெண்டு ஜோடியையும் பிரிச்சுக் காட்டலைன்னா பார்க்கிறவங்க குழம்பிடுவாங்க. அதனால ஒருத்தி நிறுத்தவே மாட்டா, இன்னொருத்தி முடிக்கவே மாட்டா. ஒருத்தன் காதுலயே வாங்க மாட்டான், இன்னொருத்தன் மீதிக்காகக் காத்துக்கிட்டே இருப்பான்."

"துணியை மாத்தேன். ஒருத்திக்குப் பச்சை, ஒருத்திக்குச் சிவப்பு."

"துணி முன்வரிசைக்குத்தான் பெரியப்பா. பேச்சு கடைசி பெஞ்சு வரைக்கும் போகும்."

"அந்தத் தடி?"

அவன் என் கைத்தடியைப் பார்த்தான்.

"அவ பேச்சை முழுசா எழுதி முடிச்சுடு. இல்லேன்னா இந்தக் கூடத்துல உன் நாடகம் நடக்காது. கூடத்துக்காரர் என் சிநேகிதர்."

"முடிச்சுடறேன். ஆனா அக்கா என்ன சொல்ல வந்தாங்கன்னு எனக்குத் தெரியாதே. நீங்களே சொல்லுங்க." பேனா மூடியைக் கழற்றினான்.

அவன் கையிலிருந்த காகிதத்தில் இருந்தது எனக்குத் தெரிந்த வரிதான். என் மகள் படிவளைவில் தன் தாயிடம் சொல்ல ஆரம்பித்து, நான் தடியை ஊன்றி ஏறி வரும் சத்தம் கேட்டு விட்டுவிட்ட வரி. இவனும் அப்போது சின்னப் பையனாக அங்கே உட்கார்ந்திருந்தான். "அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே..."

"நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். எழுதிக்கோ" என்றேன்.

எழுதிக்கொண்டான். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்த தடியை எடுத்துவிட்டார்கள். காட்சி மறுபடி தொடங்கியது. வந்த காரியம் முடிந்ததென்று எழுந்தேன்.

"அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே..." என்றாள் அந்தப் பெண்.

நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். என் தடி பலகைத் தரையில் தட்டியது.

அவள் நின்றுவிட்டாள். சங்கிலி பல்லுக்குப் போயிற்று. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

தடியைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டேன். "சொல்லும்மா" என்றேன்.

"மறந்துபோச்சு ஐயா. இருபது நாளா இந்தச் சத்தத்துக்கு நிறுத்தியே பழகிட்டேன். மீதி என்ன?"

எல்லோரும் திரும்பினார்கள். தம்பி மகன் காகிதத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். பதினோரு வருடம் கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் தடையில்லாமல் சொல்லி வந்த வாக்கியம். சங்கிலியைக் கடித்துக்கொண்டு நிற்கிற ஒருத்தியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நான் சொன்னதை அடிச்சுடு" என்றேன். "பழையபடியே இருக்கட்டும்."

வாசல் வரை தடியை ஊன்றாமலே நடந்தேன். முழங்கால் குத்தியது. எனக்குப் பின்னால் அந்தப் பெண் மறுபடி முதலிலிருந்து பேசத் தொடங்கினாள்.